பத்து மணிக்கு வரும் நடுக்கம்

தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றும் 51 வயதுப் பெண்மணி மருத்துவரான எனக்கு எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு ஒன்பது வருடமாகச் சுகர். காலை 4.30 மணிக்கு எழுந்து கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார். 6 மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பீடி சுற்றும் சுளகை (முறத்தை) மடியில் வைத்தால் 10 மணி வரை எழுவதில்லை. பிறகு கட்டுகளை எண்ணிப் பீடிக்கடையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பி, முதல் சோறு வாயில் போக 11 ஆகிவிடும். கொஞ்ச மாதமாகப் பத்து மணி வாக்கில் "கை வெடவெடன்னு நடுங்குது, மேலெல்லாம் வேர்த்துக் கிறக்கமா வருது" என்கிறார். அந்த நேரத்தில் கையில் கிடைக்கிற பிஸ்கட், பழம் எல்லாவற்றையும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். அன்றைக்கு 200 பீடி குறைந்துபோகும். ஒருநாள் மத்தியானம் பக்கத்து ஊர் மருந்துக்கடையில் விரலில் குத்திப் பார்த்தபோது 312 காட்டியிருக்கிறது. 'மாத்திரை ஒத்துக்கொள்ளவும் இல்லை, கேட்கவும் இல்லை' என்று சில நாள் நிறுத்துகிறார். அரசு மாத்திரைக்கு வீரியம் போதாது என்று எண்ணி, தனியார் மருத்துவர் எழுதிய மாத்திரையையும் சில நாள் சேர்த்துப் போடுகிறார். விசேஷ வீட்டில் இனிப்பு சாப்பிட்டால் அன்றைக்கு இரண்டாகப் போடுகிறார். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.4 சதவீதம்.

இரவில் பாதம் திகுதிகுவென எரிகிறது. நான்கு தடவை சிறுநீருக்கு எழவேண்டியிருக்கிறது. பிறப்புறுப்பில் அரிப்பு, அதனால் கணவரிடமிருந்து ஒதுங்கிப் படுக்கிறார். காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை. கண் மங்கலாகத் தெரிகிறது. மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால் 'சுகர் குடும்பம்' என்று பேர் வந்துவிடக் கூடாதென்று மாத்திரைகளை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைக்கிறார். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்சுலின் போடச் சொன்னார்கள். "அது கடைசிக் கட்டம்லா" என்று மறுத்துவிட்டார். கடிதம் இப்படி முடிகிறது: "கோயில் கொடைக்குப் (திருவிழாவுக்கு) போய் ரெண்டு வருசம் ஆச்சு. இனிமே எனக்கு மாத்திரையும் பத்தியமும் மட்டுந்தானா? சில நாள் இப்படியே கண்ணை மூடிட்டா தேவலன்னு இருக்கு."

அன்புச் சகோதரி,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். 'கண்ணை மூடிட்டா தேவல' என்று ஒரு மருத்துவருக்கு எழுத உங்களுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று புரிகிறது. பல வருடம் சர்க்கரையோடு இருப்பவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வருகிறது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. அந்த எண்ணம் வலுக்கிற இரவில் தனியாக இருக்காதீர்கள், மகளை எழுப்புங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். அது அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை. தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. 104-லும் பேசலாம். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது, மருத்துவரிடம் கால் எரிச்சலைச் சொல்வதுபோல இதையும் சொல்லுங்கள்.

இனி மற்றவை. எட்டுப் பக்கத்தையும் நீங்கள் ஒரே பெயரில் எழுதியிருக்கிறீர்கள்: 'சுகர்'. அதை அப்படியே பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் நடுக்கம், எரிச்சல், அரிப்பு, தூக்கமின்மை, ஒளிந்து வாழ்வது என்று ஐந்தாறு தனித்தனித் தொல்லைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம், வேறு மருந்து. சிலது இரண்டு வாரத்தில் தீரும், சிலதுக்கு மாதங்கள் ஆகும். உங்கள் நாட்களைக் கெடுப்பது பெரும்பாலும் இவைதான். மூன்று மாதச் சராசரி என்கிற எண் இதற்கெல்லாம் பின்னால் நிற்கிறது.

அந்த நடுக்கம் சர்க்கரை ஏறியதால் அல்ல

நீங்கள் எழுதிய மாத்திரைப் பெயர்களில் ஒன்று கிளிமிபிரைடு. இது கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. 6 மணிக்குப் போட்டால் அதன்பின் வரும் மணிகளில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். உங்கள் வயிற்றிலோ காப்பி மட்டும்தான். அந்தக் கருப்பட்டி ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். 70-க்குக் கீழே வந்தால் உடம்பு அபாயச் சங்கு ஊதுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் அந்தச் சங்கொலிதான்.

பிறகு நடப்பதைக் கவனியுங்கள். பயத்தில் பிஸ்கட்டும் பழமும் அள்ளிச் சாப்பிடுகிறீர்கள். இறங்கிய சர்க்கரையை மீட்க ஈரலும் தன் சேமிப்பை இரத்தத்தில் விடுகிறது. இரண்டும் சேர்ந்து மத்தியானம் 312. அந்த எண்ணைப் பார்த்து மாத்திரை கேட்கவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த நாள் இரண்டு போடுகிறீர்கள். மறுபடி பத்து மணிக்கு நடுக்கம் வர, பயந்து நிறுத்திவிடுகிறீர்கள். ஒரே ஆளுக்குக் காலையில் தாழ்வும் மத்தியானம் உச்சமும் வருவது இப்படித்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரசு தரும் மாத்திரைகளில் மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் கிளிமிபிரைடும் தனித்தனியாக இருக்கின்றன. தனியார் மருத்துவர் எழுதிய ஒற்றை மாத்திரையின் அட்டையில் நீங்கள் பார்த்து எழுதிய பெயர்களும் அதே இரண்டுதான். நிறமும் கம்பெனியும் வேறு, மருந்து ஒன்று. இரண்டையும் போட்ட நாளில் 2 மில்லிகிராமுக்குப் பதில் 4 மில்லிகிராம் கிளிமிபிரைடு வெறும் வயிற்றில் போயிருக்கிறது. அரசு மாத்திரைக்கு வீரியம் குறைவு என்பதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் வாங்கினாலும் சரி, ஒரே இடத்தில் வாங்குங்கள்.

செய்யவேண்டியது இது. மணியைப் பார்த்து மாத்திரை போடாதீர்கள். சாப்பாட்டு இலையைப் பார்த்துப் போடுங்கள். இரண்டு இட்லியும் ஒரு முட்டையும், அல்லது ஒரு கிண்ணம் சுண்டலும் தட்டில் வந்தபிறகு கிளிமிபிரைடு. சாப்பிட்டு முடித்ததும் மெட்ஃபார்மின். ஏதோ காரணத்தால் ஒரு வேளை சாப்பாடு இல்லையென்றால் அந்த வேளை கிளிமிபிரைடும் இல்லை. விட்டுப்போனதைச் சேர்த்து அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. காலை 7 மணிக்கு எழுந்து சாப்பிட உங்களுக்கு 15 நிமிடம் ஆகும். அது ஒரு கட்டு, 25 பீடி. நடுக்கம் வந்த நாளில் நீங்கள் இழப்பது 200 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மீறி நடுக்கம் வந்தால்: மூன்று தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள். இது சுமார் 15 கிராம். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கரைய நேரமாகும். அல்வாவிலும் சாக்லேட்டிலும் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் காத்திருங்கள். குறையவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு. தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட்டாக வேண்டும். கிளிமிபிரைடு உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கலாம். சீனிப் பொட்டலம் ஒன்று சுளகின் பக்கத்திலேயே, நூல்கண்டோடு இருக்கட்டும். நீங்கள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். ஒளித்து வைக்கிற நோயில் இந்த ஒரு விஷயம் உயிரை எடுத்துவிடும்.

முடிந்தால் நடுங்கும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். பல வருடம் சர்க்கரை உயர்ந்தே இருந்த உடம்பு 100, 110-க்கு இறங்கினாலும் நடுங்கும். அது ஆபத்தில்லை, சில வாரத்தில் பழகிவிடும். எது என்று எண்தான் சொல்லும். குத்துமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். விரலில் கருப்பட்டிப் பிசுக்கு இருந்தால் எண் பொய்யாக ஏறும். உங்களுக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இலை மடித்துத் தேய்ந்திருக்கும், ரேஷன் கடை எந்திரத்தில் ரேகைகூட விழாது. அங்கே குத்தினால் இரத்தமும் வராது, வேலையும் கெடும். இடது கை மோதிர விரலின் நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்துங்கள்.

கருப்பட்டியும் கூழும்

'சீனி சேர்ப்பதே இல்லை, கருப்பட்டிதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். உடன்குடிக் கருப்பட்டியின் வாசனைக்கும் அதிலுள்ள கொஞ்சம் தாது உப்புக்கும் நான் எதிரியல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்; சீனியில் இருப்பதும் அதே. இரத்தத்துக்குள் போனபிறகு பனையா கரும்பா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று காப்பி, ஒவ்வொன்றிலும் 10 கிராம் என்றால் ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி சீனி போட்ட கணக்கு. பதநீரும் அப்படித்தான், ஒரு டம்ளரில் 20 கிராமுக்குக் குறையாது. இளம் நுங்கு இரண்டு மூன்று சாப்பிடலாம். காப்பியில் கருப்பட்டியை ஒரே நாளில் நிறுத்தவேண்டாம். வாரத்துக்குப் பாதியாகக் குறைத்து வந்தால் மூன்று வாரத்தில் நாக்கு பழகும்.

கேப்பைக் கூழ் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். தானியம் நல்லது, மாவாக அரைத்து, கரைத்து, மடமடவென்று குடிக்கும்போது வேகமாகச் சர்க்கரையாகிறது. அதே கேப்பையைக் களியாகவோ அடையாகவோ கீரை சேர்த்து மென்று சாப்பிட்டால் மெதுவாக ஏறும். சிறுதானியம் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதும் எனக்குத் தெரியும். ரேஷன் அரிசியையே வைத்துக்கொண்டு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நம் பக்கத்து உளுந்தஞ்சோறு இருக்கிறதே, அதை அரிசி இரண்டு பங்குக்குப் பதில் ஒரு பங்கு, தொலி உளுந்து ஒரு பங்கு என்று பொங்குங்கள். எள்ளுத் துவையலும் முருங்கைக்கீரையும் கூட இருந்தால் குழம்புக் கரண்டியால் மூன்று கரண்டியிலேயே வயிறு நிறையும். வெறும் சோறு என்றால் இரண்டு கரண்டி, கூட்டு அதைவிட அதிகம். காணத் (கொள்ளு) துவையல், சுண்டல், நெத்திலி எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கைவைத்தால் அதே சோற்றுக்குச் சர்க்கரை குறைவாக ஏறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தால் மட்டும் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்த வேலை உங்களுடையது. தனியாக நடைப்பயிற்சிக்கு நேரமில்லை என்பது உண்மைதான். இரண்டு கட்டு முடிந்ததும் எழுந்து மூன்று நிமிடம் முற்றத்தில் நடங்கள். அரைமணிக்கு ஒருமுறை உட்காருவதை முறித்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைகிறது. மத்தியானம் சாப்பிட்ட உடனே சுளகை எடுக்காமல் பத்து நிமிடம் தெருவைச் சுற்றி வாருங்கள்.

எரிகிற கால்

இரவில் எரிகிற, பகலில் மரத்துப்போகிற பாதம் நரம்பு பாதித்திருப்பதைக் காட்டுகிறது. சர்க்கரைதான் முதல் காரணம். ஆனால் உங்களுக்கு வேறு இரண்டையும் பார்க்கவேண்டும். ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் போடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் இதே எரிச்சலைத் தரும், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகும். பி12 அளவைப் பார்க்காமல் மாதாமாதம் 'நரம்பு ஊசி' போடுவதில் பயனில்லை. இரண்டாவது, சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காரும்போது முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கும். காலை மாற்றி மாற்றி நீட்டி உட்காருங்கள். ஒரு கால் மட்டும் அதிகம் மரத்தால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். எரிச்சலுக்கு இரவில் போடுகிற குறைந்த அளவு மாத்திரைகள் இருக்கின்றன, தூக்கமும் திரும்பும். சர்க்கரை நோய் மாத்திரை ஆயிரம் போட்டாலும் எரிச்சல் குறையாது, இதற்கென்று கேட்டு வாங்கவேண்டும்.

எரிச்சலை விட எனக்குப் பயம் மரத்துப்போவதில்தான். எரிகிறது என்று வெந்நீரில் காலை வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். சூடு தெரியாத காலில் தோல் வெந்து கொப்புளமான பிறகே பார்ப்பீர்கள். கொடையில் பூக்குழி இறங்குவதும், உச்சி வெயிலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு சுற்றுவதும், திருச்செந்தூருக்குச் செருப்பில்லாமல் நடப்பதும் உங்களுக்கு வேண்டாம். வேண்டுதல் இருந்தால் விடிகாலையில் தளம் குளிர்ந்திருக்கும்போது சுற்றுங்கள். முருகன் பஸ்ஸில் வருகிறவர்களையும் ஏற்றுக்கொள்வார்.

விரலிடுக்கு வார் வைத்த ரப்பர் செருப்பு மரத்த காலிலிருந்து கழன்று விழுவது உங்களுக்கே தெரியாது. பின்வார் உள்ள எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர் அடி வைத்த) செருப்பு வாங்குங்கள். புதுச்செருப்பை முதல்நாள் அரைமணிக்கு மேல் போடாதீர்கள். படுக்குமுன் இரண்டு பாதத்தையும் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, அடிப்பாதத்தை ஒரு கண்ணாடியில் பாருங்கள். கண் மங்கலாக இருப்பதால் மகள் பார்க்கட்டும். மெட்டி இறுக்குகிறதா என்றும் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவதும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். புண் வந்தால் அதில் காப்பித்தூள், மஞ்சள், முக்கியமாகப் பீடித்தூள் வைக்கக் கூடாது. வலி இல்லாத புண்தான் மோசமான புண். ஒரு நாளைக்குள் காட்டிவிடுங்கள். சிவந்து வீங்கினாலோ நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வெளியே சொல்லாத அரிப்பு

இரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போது அது சிறுநீரில் கலக்கத் தொடங்குகிறது. அந்த ஈரத்திலும் இனிப்பிலும் பூஞ்சை வளர்வதுதான் உங்கள் அரிப்பு. சுத்தக்குறைவால் வந்ததல்ல, நீங்கள் செய்த எந்தத் தவறாலும் வந்ததல்ல. இரவில் நான்கு தடவை எழுவதற்கும் பெரும்பாலும் அதே காரணம்தான். சர்க்கரை இறங்கியதும் இரண்டும் குறையும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்: உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையும் வெளியே தடவும் களிம்பும் ஒரு வாரத்தில் ஆற்றும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்க உங்களுக்குக் கூச்சம் வேண்டாம், கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: இதற்கு வாய்வழி ஃபுளுகோனசோல் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அது கிளிமிபிரைடை உடம்பில் தங்கவைத்து உங்கள் பத்து மணி நடுக்கத்தை மோசமாக்கும். டெட்டால், சோப்பு போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். டாபாகிளிஃப்ளோசின் போல '-கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை ஏதாவது சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் கழிக்கும் மருந்து, இந்த அரிப்பைக் கூட்டும்.

கணவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒதுங்குவதைக் கோபம் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கலாம். மாதவிலக்கு நின்றபிறகு இரத்தம் பட்டாலோ, மருந்துக்குப் பிறகும் அரிப்பு தீராவிட்டாலோ உள்பரிசோதனை அவசியம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் அதோடு செய்துகொள்ளலாம்.

இன்சுலின் கடைசிக் கட்டமா?

இல்லை. இன்சுலின் போட்டதால் கண் போனது, சிறுநீரகம் போனது என்று நீங்கள் கேள்விப்பட்டவர்கள், பல வருடம் சர்க்கரை உயர்ந்து, சேதம் நடந்தபிறகு இன்சுலினுக்கு வந்தவர்கள். பழி மருந்தின்மேல் விழுந்துவிட்டது. உங்கள் 9.4 என்பது சராசரியாக 223 அளவில் சர்க்கரை இருந்ததைச் சொல்கிறது. ஆனாலும் என் கருத்து இது: மாத்திரையை இதுவரை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கவே இல்லை. மருத்துவர் சம்மதித்தால் மேலே சொன்னபடி மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டு, கருப்பட்டியைக் குறைத்து, மறுபடி மூன்று மாதச் சராசரி பாருங்கள். வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி கழித்து 180-க்குள் வந்தால் நல்லது. சராசரி 7-க்கும் 7.5-க்கும் இடையே போதும். உங்களுக்குத் தாழ்சர்க்கரை வருவதால் அதற்கும் கீழே துரத்தவேண்டாம். ஆனால் காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே வந்தால், புண் வந்தால், வெறும் வயிற்றிலேயே 250-ஐத் தாண்டினால் மூன்று மாதம் காத்திருக்காமல் அப்போதே இன்சுலின் தொடங்கவேண்டும். சிலருக்குப் பிறகு நிறுத்தவும் முடிகிறது.

தொடங்கினால் ஒரு விஷயத்தில் கவனம். இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் குப்பிக்கு. 40 யூனிட் குப்பியில் ஆரஞ்சு ஊசியால் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் குப்பியில் சிவப்பு ஊசியால் எடுத்தால் இரண்டரை மடங்கு போகும், அது உயிருக்கே ஆபத்து. குப்பியையும் ஊசியையும் ஒன்றாகவே வாங்குங்கள். குளிர்பெட்டி இல்லையென்றால் பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியில் குப்பியை வையுங்கள், தண்ணீர் படாமல். திறந்த குப்பியை 28 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கண் மங்கலுக்கு இப்போதே கண்ணாடி மாற்றாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் நீர்கோத்து வற்றும். இன்று எழுதிய பவர் இரண்டு மாதத்தில் பொருந்தாது. ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, வருடத்துக்கு ஒருமுறை வேண்டும். சொட்டுமருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், தனியாகப் போகாதீர்கள். இன்னொன்று, உங்கள் இருமலைத் 'தூள் இருமல்' என்று ஒரே வரியில் எழுதி விட்டுவிட்டீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலென்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான்.

அரிசி டிரம்

மகள் கல்யாணம் என்ற கவலையைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. நம் ஊர்களில் வரன் பேச்சில் எல்லாம் அலசப்படும். ஆனால் பெண் பார்க்க வருகிற வீட்டில் சுகர் உள்ளவர் ஒருவராவது இல்லாமல் இருப்பது இன்றைக்கு அரிது. தாய்க்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு கூடும். கட்டாயம் வரும் என்பதில்லை. எடையையும் உட்காரும் நேரத்தையும் இப்போதே பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தள்ளிப்போடலாம். அவருக்கும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், கர்ப்பமானால் மறக்காமல் மறுபடியும்.

ஒளித்து வைப்பதால் நீங்கள் இழப்பதைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே, உங்களைப்போல வேலையை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்காகத்தான். வீட்டு வாசலில் வருவதை விட்டுவிட்டு, நீங்கள் தனியாரிடம் காசு கொடுக்கிறீர்கள். அக்கம்பக்கம் பார்ப்பது சங்கடம் என்றால் அந்தப் பெண்ணிடமே சொல்லுங்கள்: பீடிக்கடைக்குப் போகும் வழியில் துணைச் சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் தொழிலாளர் நல மருந்தகத்திலும் காட்டலாம். ஊருக்கெல்லாம் சொல்லவேண்டியதில்லை. கணவருக்கும் மகளுக்கும் தெரிந்தால் போதும். அரிசி டிரம்மில் வெக்கையும் ஈரமும் சேரும், மாத்திரையும் கெடும்; அடுப்படியை விட்டுத் தள்ளி, உயரமான ஒரு டப்பாவில் வையுங்கள்.

இந்த வருடக் கொடைக்குப் போங்கள். சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள். பொங்கலில் இரண்டு கரண்டி நாக்கில் படட்டும். அதற்காக மாத்திரையைக் கூட்டவேண்டாம், இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தால் போதும். செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அரசு, தனியார், கடையில் கேட்டு வாங்கியது என்று டிரம்மில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முன்னால் கொட்டுங்கள். 'காலையில் எதை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதை விட்டுவிட' என்று கேட்டு, அவர் சொல்வதை மகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பி12, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம், கால் உணர்வு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காலை 10 மணிக்கு நடுங்குகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வரியைக் கேட்டதுமே மாத்திரை அளவை மாற்றுவதற்கு அவருக்கு வழி தெரிந்துவிடும்.